புல்லட்டைக் கழற்றிய கதை



போன மாதம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "சார், புல்லட்டை வித்துட்டீங்களா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். விற்கவில்லை. என் தங்கை பேரன், பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிப்பவன், அதைக் கழற்றிப் போட்டிருக்கிறான். அவன் கைவைக்கும் முதல் வண்டி அது. 1978 மாடல். பதினோரு வருடமாகக் கொட்டகையில் சாக்கு போர்த்தி நின்றது. 80களில் படித்தவர்களுக்கு அதன் சத்தம் மறந்திருக்காது. அது தெருமுனையில் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும் என்று பிற்பாடு நீங்களேதான் சொன்னீர்கள்.

அவனுக்கு அதை 'கஃபே ரேசர்' ஆக்க வேண்டும். ஹேண்டில்பாரைத் தாழ்த்துவது, ஒற்றை சீட், மட்கார்டை வெட்டுவது, சேலைக் கார்டைப் பழைய இரும்புக்குப் போடுவது. எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தப் பின்சீட்டில் உங்கள் டீச்சரம்மா இருபத்தேழு வருடம் உட்கார்ந்து வந்தவர். "ஒரிஜினலைக் கெடுக்காதே" என்றேன். "தாத்தா, இதுல ஒரிஜினல் எது?" என்று கேட்டுவிட்டான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்கக் கூடாத கேள்வி. இரண்டு நாள் தூங்கவில்லை.

புல்லட் என்ற பெயர் 1932இல் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊர்த் தொழிற்சாலையில் வந்தது. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக நம் ராணுவம் 350 சிசி புல்லட்டுகள் 800 கேட்டது. அதன் தொடர்ச்சியாக 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை திருவொற்றியூரில். முதலில் அங்கிருந்து பாகங்களாக வந்தவற்றை இங்கே பூட்டினார்கள். பிறகு கருவிகளே கப்பலேறி வந்தன. 1962 முதல் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1970இல் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. 1977இல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது! அப்படியென்றால் ஒரிஜினல் எது என்று நீங்களே சொல்லுங்கள். இங்கே சட்டமே கேட்கும் சேலைக் கார்டு ரெட்டிச் வரைபடத்தில் இருந்திருக்குமா என்ன?

என் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்பரேட்டர் இரண்டு முறை மாறியது. டேங்க் 1991இல் ஒரு புளியமரத்தோடு நடந்த சந்திப்புக்குப் பிறகு மாறியது. (அந்தக் கதை வேண்டாம்.)

வெட்டி ஒட்டுவதும் இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்தது அல்ல. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், அமெரிக்காவில் ஊர் திரும்பிய சிப்பாய்கள் ராணுவம் கழித்துவிட்ட ஹார்லிகளை வாங்கி, எடை குறைய மட்கார்டை வெட்டினார்கள். அதே போர்க்கால ஹார்லிகள் டெல்லியில் பின்பக்கம் பெட்டி கட்டப்பட்டு 'பட்பட்டி' என்ற ஷேர் ரிக்‌ஷாவாக, 1990களின் இறுதிவரை சாந்தினி சௌக் பக்கம் ஓடின. இரண்டாவதுதான் எனக்கு மேலான வேலையாகப் படுகிறது. ஒன்று வேகத்துக்கு, மற்றது சோற்றுக்கு. லண்டன் ஏஸ் கஃபே வாசலில் நின்ற இளவட்டங்கள் நார்ட்டன் சேசிஸில் ட்ரையம்ப் எஞ்சினைப் பூட்டி 'ட்ரைட்டன்' என்றார்கள். அவர்களைப் பார்த்து ரெட்டிச் கம்பெனியே 1964இல் கான்டினென்டல் ஜிடி என்று ஒன்றைத் தயாரித்து விற்றது. பேரன் கேட்பதும் அதே வம்சம்தான்.

ஒப்புக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு: சேசிஸில் ரம்பம் படக்கூடாது. நம்பர் அதில்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் சும்மா விடாது. கழற்றிப் பூட்டக்கூடியதை மட்டும் மாற்றலாம், பழையது பரணுக்குப் போக வேண்டும்.

நட்டு, போல்ட் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் சீட்டு ஒட்டி வைத்தோம். சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90. கணக்குப் போடச் சொன்னேன், 346 வந்தது. "350 இல்லையா?" என்றான். ரவுண்டாகச் சொல்வதுதான் என்றேன். சிலிண்டரில் கோடு விழுந்திருந்தது. கொடுத்த பட்டறையில் புது பிஸ்டனை அளக்காமலே போர் அடித்துவிட்டார்கள். இடைவெளி கூடிப்போய், அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்க வேண்டியதாயிற்று. விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த காசு. அன்று ராத்திரி பையன் சாப்பிடவில்லை. நானும்தான்.

போன ஞாயிறு பூட்டி முடித்தோம். அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, பிறகு உதைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். அவசரப்பட்டான், கிக்கர் திருப்பி அடித்து முழங்காலில் ஒரு வீக்கம். ஏழாவது உதையில் பிடித்தது. என் தங்கை சமையலறையிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்றாள்.

ஒற்றை சீட் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குப் பழைய சீட்டையே மாட்டியிருந்தான், சேலைக் கார்டோடு. "ஏறுங்க தாத்தா" என்றான். ஏரிக்கரை வரை போய் வந்தோம்.

ஹெட்லைட் மூடியில் பொருந்தும் பழைய மாடல் அம்மீட்டர் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். எங்களுடையதில் முள் ஒட்டிக்கொள்கிறது. விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம்.