மூன்றரை டாலர் புத்தகம்

பங்குச் சந்தையில் எல்லாவற்றையும் தொலைத்த பில் வில்சனும் கை நடுங்கும் அறுவைசிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித்தும் 1935 மே மாதம் அக்ரன் நகரில் சந்தித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். குடியோடு மல்லுக்கட்டும் ஒருவர், அதே நிலையில் இருக்கும் இன்னொருவரோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் அன்றைய குடியைத் தள்ளிப்போட முடிகிறது. இவ்வளவுதான் அவர்கள் கண்டுகொண்டது.

ஆனால் எத்தனை பேரோடு நேரில் பேசிவிட முடியும்? மூன்று ஆண்டுகளாகியும் நியூயார்க்கிலும் ஓஹையோவிலும் மீண்டவர்கள் ஏறக்குறைய நூறு பேர்தான். பேச்சு எட்டாத ஊருக்கு எழுத்தாவது போய்ச் சேரட்டும் என்று 1938இல் வில்சன் எழுதத் தொடங்கினார்.

குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகளைத் தோழர்களிடம் அவர் வாசித்துக்காட்டியதும் சண்டை மூண்டது. கிறிஸ்தவச் சொற்கள் இன்னும் வேண்டும் என்றது ஒரு தரப்பு. கடவுளே வேண்டாம் என்றது இன்னொன்று. கடைசியில், அவரவர் உணர்ந்துகொண்ட கடவுள் என்ற பொருளில் வாசகம் திருத்தப்பட்டது. மண்டியிட்டு வேண்டுவதாக இருந்த இடமும் நீக்கப்பட்டது. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொரு திருத்தம். ‘நீ இப்படிச் செய்’ என்ற தொனி மாறி, ‘நாங்கள் இப்படிச் செய்தோம்’ என்றானது. ஊரும் வீடும் புத்தி சொல்லிச் சொல்லிக் காது மரத்துப்போனவனுக்கு, இந்த ‘நாங்கள்’ எவ்வளவு பெரிய ஆறுதல்!

குடிப்பழக்கம் ஒழுக்கக்கேடு அல்ல, நோய் என்று அந்தப் புத்தகத்துக்காக டாக்டர் வில்லியம் சில்க்வொர்த் எழுதிக்கொடுத்தார். உடலின் ஒவ்வாமை என்ற அவரது விளக்கத்தைப் பிற்கால மருத்துவம் ஏற்கவில்லை. ஆனாலும் ‘குடிகாரன்’ என்ற ஏச்சுக்கும் ‘குடிநோயாளி’ என்ற சொல்லுக்கும் நடுவில் உள்ள தூரத்தை, அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்டால் தெரியும்.

1939 ஏப்ரலில் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ வெளிவந்தது. விலை மூன்றரை டாலர். அந்தக் காலத்துக்கு அதிகம். வாங்குபவர் ஏமாந்ததாக நினைக்கக்கூடாதென்று தடித்த தாளில் அச்சிட்டார்கள். ‘பிக் புக்’ என்ற பெயர் அந்தப் பருமனால் வந்தது. பிரதிகள் தேங்கின.

1941 மார்ச் 1 அன்று ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் இவர்களின் இயக்கத்தைப் பற்றி ஜாக் அலெக்ஸாண்டர் எழுதிய கட்டுரை நிலைமையை மாற்றியது. சுமார் 2,000 பேர் இருந்த இயக்கத்தில் ஆண்டு முடிவதற்குள் 8,000 பேர். உதவி கேட்டு நியூயார்க் அலுவலகத்தில் கடிதங்கள் குவிந்தன. அங்கே அவற்றைப் பிரித்துப் படித்தவர்களில் ஒருவர் ரூத் ஹாக். குடிப்பழக்கமே இல்லாதவர், வில்சன் சொல்லச்சொல்ல அந்தப் புத்தகத்தைத் தட்டச்சு செய்தவர்.

(தொடரும்)