புள்ளி வைத்த பின்: நிரல் எடிட்டரில் உதவியும் சோதனையும்

சி மொழி பழகத் தொடங்கிய மாணவர் ஒருவர் இருபது வரி நிரல் எழுதுகிறார். ஒன்பதாம் வரியில் ஃபார் லூப்பை மூட வேண்டிய நெளி அடைப்புக்குறியை விட்டுவிடுகிறார். ஒன்பதாம் வரியைப் பற்றி ஜிசிசி கம்பைலர் மூச்சு விடாது. கோப்பு முடியும் இருபதாம் வரியில்தான் புகார் வரும். கம்பைலரைக் குறை சொல்ல முடியாது. மெயின் ஃபங்ஷனை மூட வைத்த அடைப்பை அது லூப்பின் கணக்கில் வரவு வைத்துவிட்டது. கணக்கு உதைப்பது கடைசியில்தான். மாணவரோ குற்றமற்ற இருபதாம் வரியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்தச் சங்கடத்தைக் குறிவைத்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உருவானது ‘டீப்ஃபிக்ஸ்’. ராகுல் குப்தா, சோஹம் பால், ஆதித்ய கானடே, ஷிரீஷ் ஷெவடே ஆகிய நால்வரும் 2017ஆம் ஆண்டு ஏஏஏஐ மாநாட்டில் அதை முன்வைத்தார்கள். மாணவர்கள் 93 பயிற்சிகளுக்கு எழுதிய 6971 பிழையான நிரல்களை அதனிடம் கொடுத்தபோது, 1881 நிரல்களை முழுதாகவும் 1338 நிரல்களை அரைகுறையாகவும் சரிசெய்தது. பாதிக்கு மேற்பட்டவை அப்படியே கிடந்தன. ‘முழுதாக’ என்ற சொல்லையும் சற்று நிதானித்தே படிக்க வேண்டும்: நிரல் கம்பைல் ஆகிறது என்பதே அதன் பொருள். கேட்ட கணக்கைச் சரியாகப் போடுகிறதா என்பது வேறு கேள்வி.

எண்களைவிட அதன் அமைப்பு சுவையானது. சரியான நிரல்களை வேண்டுமென்றே கெடுத்து, அவற்றைக் கொண்டு நரம்பியல் வலையைப் பழக்கினார்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அதன் எண்ணைச் சேர்த்தார்கள். அதனால் வலை முழு நிரலையும் திருப்பி ஒப்பிக்க வேண்டியதில்லை. எந்த வரி, அதன் இடத்தில் என்ன வர வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். அந்த யோசனையை ஏற்பதா தள்ளுவதா என்பதைக் கம்பைலரின் பிழைச்செய்திகளை வைத்து முடிவு செய்தார்கள். ஏற்றால், திருத்திய நிரல் அடுத்த பிழைக்காக மறுபடி உள்ளே போகும்.

ஊகிப்பவர் ஒருவர், தீர்ப்புச் சொல்பவர் இன்னொருவர். எடிட்டர் செய்யும் உதவியின் தரம் இந்த இருவரும் எங்கே, எப்போது சந்திக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஊகிப்பவரைத் தனியே விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நிரலர்களிடையே உலவும் பழைய கதை ஒன்று உண்டு. 1960களில் வாரன் டைட்டல்மன் லிஸ்ப் நிரலர்களுக்காக ‘டூ வாட் ஐ மீன்’ என்ற திருத்தியை உருவாக்கினார். ஒருவர், எதையும் குறிக்கும் நட்சத்திரக் குறியோடு டாலர் குறி சேர்த்து, டாலரில் முடியும் பெயர்கொண்ட காப்புநகல் கோப்புகளை மட்டும் அழிக்கச் சொன்னாராம். அப்படிப்பட்ட கோப்பு எதுவும் இல்லை. திருத்தி தானாகவே டாலரை நீக்கி, எல்லாக் கோப்புகளையும் அழிக்கத் தொடங்கியதாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

டீப்ஃபிக்ஸ் வந்து ஆறு ஆண்டுகள் கழித்து, பெங்களூரு லாவெல் சாலையில் உள்ள மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவிலிருந்து வந்த ஆய்வு நீதிபதியின் நாற்காலியை முன்னால் நகர்த்தியது. 2023 நியூரிப்ஸ் மாநாட்டுக் கட்டுரையான அதிலும் கானடே ஓர் ஆசிரியர். லக்‌ஷ்யா அகர்வால், ஸ்ரீராம் ராஜாமணி உள்ளிட்டோர் உடன் எழுதினார்கள். ஜாவாவில் ஒரு பொருளின் பெயரை அடித்துப் புள்ளி வைத்ததும், அடுத்து எந்த மெத்தட் என்று மொழி மாதிரி ஊகிக்கும். பொதுவெளி நிரல்களில் அடிக்கடி கண்ட ‘ஹோஸ்ட்’ போன்ற பெயரை அது தயங்காமல் எழுதிவிடும். நிரலரின் திட்டத்திலோ அதே வேலைக்கு ‘வித்ஐபி’ என்ற பெயர் இருக்கும். படிக்க நன்றாக இருக்கும், கம்பைல் ஆகாது. இங்கே, புள்ளி விழுந்த கணமே ஒரு கண்காணிப்பான், நிரலை அலசும் லாங்குவேஜ் சர்வரிடம் செல்லுபடியாகும் பெயர்களைக் கேட்டு வாங்குகிறது; மற்றவற்றுக்கு வழியை அடைக்கிறது. இந்தத் துணையோடு, 110 கோடி அளவுருக்கள் மட்டுமே கொண்ட சாண்டாகோடர், தன்னைவிடப் பல மடங்கு பெரிய டெக்ஸ்ட்-டாவின்சி-003 மாதிரியைக் கம்பைல் விகிதத்தில் முந்தியது.

டீப்ஃபிக்ஸில் எழுதி முடித்த பின் வந்த சோதனை, இங்கே எழுத்து விழும்போதே நடக்கிறது. எடிட்டரை வடிவமைப்பவருக்கு இது பெரிய லாபம். தவறான யோசனையைப் படித்து, எடைபோட்டு, தள்ளும் வேலை நிரலரின் தலையில் விழுவதில்லை. சோதிக்கும் கருவியும் புதிதல்ல: எடிட்டரும் மொழிக்கருவியும் பேசிக்கொள்வதற்கான லாங்குவேஜ் சர்வர் நெறிமுறையை மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோட்என்வி ஆகியவை 2016லேயே அறிவித்திருந்தன.

ஆனாலும் ஒரு வலுவான மறுப்பு உண்டு. பலர் மேலிருந்து கீழாக எழுதுபவர்கள்: இன்னும் பிறக்காத மெத்தடை முதலில் அழைத்துவிட்டு, பிறகு உட்கார்ந்து அதன் உடலை எழுதுவார்கள். இருக்கும் பெயர்களை மட்டும் அனுமதிக்கும் வேலி அவர்களுக்கு இடைஞ்சல். புதுப் பெயர் வேண்டிய இடத்தில் கைக்குக் கிடைத்த பழைய பெயரைத் திணிக்கும். அது கம்பைல் ஆகிவிட்டால் பிழை கண்ணிலும் படாது. சிவப்புக்கோடு போட்ட பிழையைவிட இது மோசம். எக்லிப்ஸ் போன்ற பழைய ஜாவா எடிட்டர்கள் இதற்கு எளிய வழி வைத்திருந்தன: தெரியாத பெயரின் ஓரத்தில் ஒரு சிறு பல்பு, அதைத் தட்டினால் அந்தப் பெயரில் மெத்தடை உருவாக்கலாமா என்ற கேள்வி. கண்காணிப்பானின் பட்டியலிலும் கடைசி வரியாக அந்தக் கேள்விக்கு இடம் வேண்டும்.