வேட்புமனுவோடு முடியும் இனம்: சேர்வராயன் மலையில் பழங்குடி அடையாளமும் வாக்கும்

ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் எந்தக் கட்சி சார்பில் நின்றாலும், சுயேச்சையாகவே நின்றாலும், வேட்பாளர் பழங்குடியினராக இருந்தாக வேண்டும். தமிழகத்தின் 234 தொகுதிகளில் இப்படி ஒதுக்கப்பட்டவை இரண்டுதான். ஏற்காட்டைத் தவிர மற்றது நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம். 2008 மறுவரையறைக்கு முன் உப்பிலியபுரமும் இந்தப் பட்டியலில் இருந்தது. இனத்தைச் சட்டமே முன்னிறுத்தும் இந்தத் தொகுதியில் மக்கள் இனம் பார்த்துத்தான் வாக்களிப்பார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பது இயல்பு. கிடைக்கும் சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. இனம் வேட்புமனுப் பரிசீலனையோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. வாக்குச்சாவடிக்குள் அது வருவதில்லை. இந்த நிலை எப்படி உருவானது என்பதைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரை.

சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டின் பழங்குடியினர் மலையாளிகள். மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை, சவ்வாது மலைகளில் வாழும் தமிழ் பேசும் மக்கள் இவர்கள். 2011 கணக்கெடுப்பில் 3,57,980 பேர். தமிழகப் பழங்குடியினர் மொத்தம் 7,94,697 என்பதால், ஏறக்குறைய பாதிப் பேர் இவர்களே. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழியில் வந்தவர்கள் என்பது இவர்களுடைய தோற்றக் கதை. மூத்தவர் வழி சேர்வராயனிலும், மற்ற இருவர் வழி பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கியது என்பார்கள். 1883-இல் வெளிவந்த லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடும், 1909-இல் வந்த தர்ஸ்டனின் தொகுதிகளும், 1918-இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட விவரச்சுவடியும் இம்மக்களைப் பற்றி விரிவாகவே எழுதியுள்ளன. தங்களைக் காராளர் என்றும் வேளாளர் என்றும் சொல்லிக்கொண்டு, கவுண்டர் பட்டம் தாங்கிய மக்களை மலைக்குடி என்ற தலைப்பின்கீழ் தனியே நிறுத்தியதில் அந்த ஏடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னால் வந்த பட்டியல்கள் இந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்தன.

வாக்குச்சீட்டு வருவதற்கு முன்பே மலைக்கு ஓர் ஆட்சிமுறை இருந்தது. சேர்வராயன் மலை சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகளாகப் பிரிந்திருந்தது. நாட்டுக்குப் பட்டக்காரர், ஊருக்கு ஊர்க்கவுண்டர். திருமணம், தீர்வை, தண்டம், திருவிழா எல்லாம் இவர்கள் கையில். பதவி பரம்பரை வழியில் வந்தது. ஆக, மலையில் போட்டி என்றால் அது நாட்டுக்கும் நாட்டுக்கும், ஊருக்கும் ஊருக்கும், பங்காளிக்கும் பங்காளிக்கும் இடையிலானது. எதிரே நிறுத்திக்கொள்ள வேற்றினம் ஒன்று அந்த ஏற்பாட்டுக்குத் தேவைப்படவே இல்லை.

வேற்றினம் காப்பியோடு வந்தது. 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் மலையில் காப்பியும் பழமரங்களும் வைத்தார். தோட்டங்கள் பெருகின. ஐரோப்பிய முதலாளி, கீழிருந்து வந்த கூலித் தொழிலாளி, பக்கத்து ஊரில் தன் காட்டை உழுத மலையாளி என மூன்று உலகங்கள் ஒரே மலையில் அமைந்தன. 1882-இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானமும், அதைத் தொடர்ந்து 1884-ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டமும் மாவட்ட, தாலுகா வாரியங்களைக் கொண்டுவந்தன. வாக்குரிமை வரியையும் சொத்தையும் ஒட்டி நின்றது. வாரிய இடங்கள் பலவற்றை அரசே நியமனத்தால் நிரப்பியது. அந்த ஏற்பாட்டில் மலைவாசிக்கு என்ன இடம் இருந்திருக்கும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

இனத்தை வெளிப்படையாக எழுதிவைத்த தேர்தல் முறை இதற்குப் பிறகுதான் வந்தது. 1919 சீர்திருத்தத்தின்படி அமைந்த சென்னைச் சட்ட மேலவையில் ஐரோப்பியருக்கு ஓரிடம், ஆங்கிலோ இந்தியருக்கு ஓரிடம், முஸ்லிம்களுக்கும் இந்தியக் கிறித்தவர்களுக்கும் தனித் தொகுதிகள். 1935 சட்டத்தின் கீழ் 215 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டப்பேரவையில் ஐரோப்பியருக்கு மூன்று. பின்தங்கிய பகுதிகளுக்கும் பழங்குடியினருக்குமாகச் சேர்த்து ஒன்றே ஒன்று. மாகாணத்தில் ஐரோப்பியர் எத்தனை பேர், மலைவாழ் மக்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் காலத்துத் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது விளங்கும்.

விடுதலைக்குப் பின் இரண்டு முடிவுகள் சேர்வராயன் மலையின் அரசியலைத் தீர்மானித்தன. ஒன்று, 1950-ஆம் ஆண்டின் பழங்குடியினர் ஆணை. அதில் மலையாளிகள் இடம்பெற்றார்கள், ஆனால் மாவட்ட எல்லையோடு. சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று இன்றும் பட்டியல் மாவட்டம் சொல்லியே ஓடுகிறது. 1976-இல் பல பழங்குடிகளுக்கு வட்டார எல்லை நீக்கப்பட்டபோதும் இவர்களுக்கு நீங்கவில்லை. விளைவு, ஏற்காட்டு மலையாளி பழங்குடி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் மலையாளி பழங்குடி அல்ல. அங்குள்ளவர்கள் பல பத்தாண்டுகளாகச் சான்றிதழ் கேட்டுப் போராடுகிறார்கள். இரத்தமும் வழக்கமும் ஒன்றாக இருந்தும் மாவட்ட எல்லைக்கல் இனத்தை மாற்றிவிடுகிறது.

மற்ற முடிவு கூட்டுத் தொகுதி. 1932 பூனா ஒப்பந்தத்தில் ஒடுக்கப்பட்டோருக்காக ஏற்கப்பட்ட முறை அது: இடம் ஒதுக்கப்படும், வாக்கு எல்லாருக்கும் பொது. அரசமைப்பின் 332-ஆவது பிரிவு மாநிலப் பேரவைகளில் பழங்குடியினருக்கு இடம் ஒதுக்கியபோதும் இதே முறையே நின்றது. யார் நிற்கலாம் என்பதை இனம் முடிவு செய்யும். யார் வெல்வது என்பதைத் தொகுதி முழுவதும் முடிவு செய்யும்.

ஏற்காடு தொகுதியின் வரைபடத்தைப் பார்த்தால் இதன் பொருள் புரியும். பெயர்தான் ஏற்காடு. சேர்வராயன் மலையும் கருமந்துறை உள்ளிட்ட கல்வராயன் மலைப் பகுதியும் இதில் உண்டு. ஆனால் வாழப்பாடியும் அயோத்தியாப்பட்டணத்தை ஒட்டிய சமவெளி ஊர்களும் உண்டு. எனவே மலையாளி வேட்பாளர் மலையிறங்கி, மரவள்ளியும் பாக்கும் விளையும் ஊர்களில் வாக்குக் கேட்டே ஆக வேண்டும். 2013 டிசம்பர் 4 இடைத்தேர்தல் நல்ல சான்று. சட்டமன்ற உறுப்பினர் பெருமாள் இறந்ததால் வந்த தேர்தல் அது. அவர் 1989, 1991, 2011 ஆகிய தேர்தல்களில் வென்றவர். அவருடைய மனைவி சரோஜா அ.தி.மு.க. வேட்பாளர், மாறன் தி.மு.க. வேட்பாளர். அமைச்சர்கள் திரண்டார்கள், முதல்வர் ஜெயலலிதாவே பிரசாரத்துக்கு வந்தார். சரோஜா 1,42,771 வாக்கும் மாறன் 64,655 வாக்கும் பெற்றார்கள், வித்தியாசம் 78,116. தமிழகத்தில் நோட்டா முதன்முதலாக வந்ததும் இந்தத் தேர்தலில்தான். 4,431 பேர் அதை அழுத்தினார்கள். இரு வேட்பாளரும் பழங்குடியினரே என்பதால், இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு இனத்தைக் காரணமாகச் சொல்ல இடமே இல்லை.

2021-ஆம் ஆண்டு இன்னும் தெளிவானது. மாநிலத்தில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அ.தி.மு.க. கூட்டணிக்குப் போயின. ஏற்காடு அந்தப் பத்தில் ஒன்று. அ.தி.மு.க. வேட்பாளர் சித்ரா இரண்டாம் முறையாக வென்றார். மலை தனியாக வாக்களிக்கவில்லை, அ.தி.மு.க. தலைவர் எடப்பாடி பழனிசாமியின் சொந்த மாவட்டத்தோடு சேர்ந்தே வாக்களித்தது.

இந்த இடத்தில் அமெரிக்க ஆய்வொன்று கைகொடுக்கிறது. வி.ஓ. கீ 1949-இல் தென் மாநில அரசியலைப் பற்றி எழுதிய நூலில், அலபாமாவில் ஒவ்வொரு வேட்பாளரும் சொந்த வட்டாரத்திலும் சுற்று வட்டாரத்திலும் வாக்கைக் குவித்ததைக் காட்டினார். கறுப்பினத்தவரைத் தேர்தலுக்கு வெளியே நிறுத்திய ஒற்றைக் கட்சி ஆட்சி அது. வாசலிலேயே இனம் தீர்க்கப்பட்டதால் உள்ளே மிஞ்சியது அண்டை அயல் மட்டுமே. பின்னர் 1965 வாக்குரிமைச் சட்டமும், 1986-இல் வட கரோலினா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், இனவாரியாக வாக்குகள் பிளவுபடும் இடங்களில் சிறுபான்மையினரே பெரும்பான்மையாகும் தொகுதிகளை வரைய வழிசெய்தன. அங்கே தொகுதி எல்லையை மாற்றினார்கள், இங்கே வேட்பாளரை வரையறுத்தார்கள். அலபாமாவின் வாசல் ஆளை வெளியே தள்ளியது, ஏற்காட்டின் வாசல் ஆளை உள்ளே அழைக்கிறது. அறத்தில் இரண்டும் எதிர்த்துருவம். ஆனால் வாசலில் முடிந்துபோன இனம் வாக்கில் வேலை செய்யாது என்பது இரண்டுக்கும் பொது.

கீ சொன்ன அண்டை அயல் வாக்கைப் பார்க்க சட்டமன்றத்தை விட்டு ஊராட்சிக்கு வர வேண்டும். ஏற்காடு ஒன்றியத்தில் ஒன்பது ஊராட்சிகள்: ஏற்காடு, வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை, செம்மநத்தம், மாரமங்கலம், வேலூர், நாகலூர், தலைசோலை, வாழவந்தி. ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு வாக்கு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னம் உண்டு. வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் கிடையாது. பூட்டுச் சாவி, ஆட்டோ என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். ஒரே சாவடியில், ஒரே நிமிடத்தில், ஒருவர் இரண்டு சீட்டில் கட்சிக்காரராகவும் இரண்டு சீட்டில் ஊர்க்காரராகவும் இருக்கிறார். மலையாளிகள் நிறைந்த ஊராட்சியில் தலைவர் பதவிக்கு இருவர் மோதினால், எந்த ஊர், யார் பங்காளி, யாருக்கு மாமன் மச்சான் என்பதே கணக்கு. பழைய நாட்டு அமைப்பு சட்டத்தில் இல்லை. இளஞ்சிவப்புச் சீட்டில் அதன் சாயல் இருக்கிறது என்பது என் கருத்து. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் மிகுந்த ஏற்காடு ஊராட்சியை இந்தக் கணக்கில் அப்படியே சேர்க்க முடியாது.

பழங்குடி என்ற அடையாளம் ஊராட்சியில் கூடுதலாக வேலை செய்திருக்கக்கூடிய வழி ஒன்று இருந்தது. 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் கிராம சபைக்கு நிலத்தின்மேலும் சிறுவன மகசூலின்மேலும் அதிகாரம் தருகிறது. ஆனால் அது ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும். தமிழகத்தில் அப்படிப்பட்ட பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. எனவே ஏற்காட்டு ஊராட்சியும் சமவெளி ஊராட்சி போலவே 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ்தான் நடக்கிறது. இனம் பதவிக்குத் தகுதி தருகிறது, பதவிக்குத் தனி அதிகாரம் எதையும் தருவதில்லை.

2016-இல் உள்ளாட்சிப் பதவிகளில் பழங்குடியினருக்கான ஒதுக்கீடே மாநிலம் முழுவதற்குமான பிரச்சினையானது. உள்ளாட்சித் தேர்தலில் பழங்குடியினருக்கு உரிய இடம் ஒதுக்கப்படவில்லை என்பது தி.மு.க. தொடர்ந்த வழக்கின் முக்கிய வாதங்களில் ஒன்று. அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. வார்டு மறுவரையறை, மேல்முறையீடு என்று இழுத்து, 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் சேலம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் தனி அலுவலர்கள் ஆட்சி. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள்.