பாறையைச் செய்தவர்கள்: புல்ஹமைட் செயற்கைப் பாறையும் மெய், போலி என்னும் வழக்கும்

ஆய்வுச்சுருக்கம்

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புல்ஹாம் குடும்பத்தார் தோட்டங்களுக்கெனச் செய்த ‘புல்ஹமைட்’ என்னும் செயற்கைப் பாறையின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. போலிப் பொருள்களை அறநோக்கில் கண்டித்த அக்காலக் கலைக்கொள்கையையும், பின்னாளில் மெய்க்கல் மீது எழுந்த விருப்பால் சுண்ணாம்புப் பாறைத் தளங்கள் அழிந்ததையும் அருகருகே வைத்து, ‘மெய்’ என்பதை மூலப்பொருளால் மட்டும் அளக்க முடியாது என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: செய்குன்று, புல்ஹமைட், பாறைத் தோட்டம், பெரணி, சுண்ணாம்புப் பாறைத் தளம், மரபுப் பாதுகாப்பு

முன்னுரை

தோட்டத்தில் குன்று அமைக்கும் வழக்கம் தமிழர் அறியாததன்று. செய்குன்று என்னும் சொல்லே அதற்குச் சான்று. சோழ மன்னனின் பூங்காவை வருணிக்கும் மணிமேகலை, கற்களை இட்டு அமைத்த குன்றையும் அங்குக் காட்டுகிறது. அத்தகைய அமைப்பில் குன்று செயற்கை, கல் இயற்கை. கல்லையே செய்து, காண்பவர் அதை மண்ணிலிருந்து எழுந்த பாறை என்று கொள்ளுமாறு அமைப்பது வேறு வகை முயற்சியாகும். அம்முயற்சியை நான்கு தலைமுறைகள் தொழிலாக நடத்தியவர்கள் இங்கிலாந்தின் புல்ஹாம் குடும்பத்தார். நால்வருக்கும் ஜேம்ஸ் என்பதே பெயர். அவர்கள் செய்தது வெறும் ஏமாற்று வேலையா என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

செயற்கைப் பாறையின் தேவை

செயற்கைப் பாறைக்கு வழிவகுத்த காரணங்கள் மூன்று. முதலாவது, புதிய கட்டுமானப் பொருள். 1796இல் பார்க்கரின் ‘ரோமன் சிமென்ட்’டும் 1824இல் ஆஸ்ப்டினின் ‘போர்ட்லாண்ட் சிமென்ட்’டும் காப்புரிமை பெற்றன. சஃபோக் மாவட்டத்தின் உட்பிரிட்ஜ் நகரில் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சிமென்ட் பூச்சு வேலை கற்றவர் முதலாம் ஜேம்ஸ் புல்ஹாம். 1838இல் அவர் இறந்தபின் தொழிலை ஏற்ற இரண்டாம் ஜேம்ஸ் (1820–1898) ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் நிலைகொண்டு, பூச்சுக் கலையைப் பாறை செய்யும் கலையாக வளர்த்தார்.

இரண்டாவது, நிலவியல் ஆர்வம். சார்லஸ் லயலின் ‘நிலவியல் கோட்பாடுகள்’ 1830க்கும் 1833க்கும் இடையே வெளிவந்தபின், பாறை அடுக்குகளைப் பூமியின் வரலாற்று ஏடுகளாகப் பார்க்கும் பழக்கம் கற்றோரிடையே பரவியது. மூன்றாவது, பெரணிச் செடிகள் மீது எழுந்த பெருவிருப்பம். 1855இல் சார்லஸ் கிங்ஸ்லி அதனை ஒருவகைப் பித்து என்றே பெயரிட்டு எழுதினார். நிழலும் ஈரமும் இடுக்குகளும் வேண்டிநிற்கும் பெரணிக்குப் பாறைச்சரிவே உகந்த இடம். ஆனால் செல்வர்களின் மாளிகைகள் பல, பாறையே தலைகாட்டாத களிமண் நிலங்களில் இருந்தன. தொலைவிலிருந்து பெருங்கற்களைக் கொணரச் செலவு மிகும். இந்த இடைவெளியை நிரப்பியதே புல்ஹாம் தொழில்.

செய்முறை

உடைந்த செங்கல், கட்டட இடிபாடு, உலையில் எரிந்து இறுகிய கசடு ஆகியவற்றைக் குவித்துச் சாந்தால் பிணைத்து, பாறையின் உள்ளுடலை முதலில் எழுப்பினர். அதன்மேல் சிமென்ட் கலவையைப் பூசி, அது இறுகுமுன் வடிவம் கொடுத்தனர். மணலும் நிறப்பொருளும் சேர்த்து நிறத்தை ஒத்தாக்கி, தூரிகையாலும் கருவிகளாலும் மேற்பரப்பில் காற்றும் நீரும் அரித்த தோற்றத்தை உண்டாக்கினர். செடிகள் வேரூன்ற மண்குழிகளையும் இடையிடையே விட்டனர்.

எஞ்சியுள்ள பணிகளில் இன்றும் வியக்கத்தக்கது மேற்பூச்சைவிட அடுக்கமைப்பே. அடுக்குகள் ஒரே திசையில் சாய்கின்றன. வெடிப்புகள் அடுக்குகளை ஊடறுத்து இயல்பான போக்கில் செல்கின்றன. கடினமான அடுக்கு துருத்திநிற்க, மென்மையான அடுக்கு உள்வாங்கியிருக்கிறது. கற்களைக் கண்டபடி குவித்த அக்காலத் தோட்டக் குன்றுகள் பலவற்றில் கல் மெய்யாக இருந்தும் பாறை பொய்யாகத் தோன்றியது. புல்ஹாம் பணியிலோ கல் பொய். அடுக்கின் ஒழுங்கு மெய்.

லண்டனில் பேட்டர்சீ பூங்காவின் அருவிப் பாறைகள் 1860களில் இவ்வாறு எழுந்தன. அரச குடும்பத்தின் சாண்ட்ரிங்ஹாம், ரோத்ஸ்சைல்டு குடும்பத்தின் வாடெஸ்டன் ஆகிய மாளிகைத் தோட்டங்களிலும் புல்ஹாம் நிறுவனம் பணிசெய்தது. 1877ஆம் ஆண்டளவில் இரண்டாம் ஜேம்ஸ் வெளியிட்ட சிறுநூல், பெரணியகங்களும் பாறைத் தோட்டங்களும் அமைத்த இடங்களைப் பட்டியலிட்டுத் தம் தொழிலை விளக்குகிறது.

அறத்தின் குற்றச்சாட்டு

இதே காலத்தில், பொருள்களின் போலிமையை அறக்கேடாகக் கருதும் கொள்கையும் வலுப்பெற்றது. ஜான் ரஸ்கின் 1849இல் வெளியிட்ட ‘கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்’ என்னும் நூல், ஒரு பொருளின் மேற்பரப்பை வேறொரு பொருளெனத் தோன்றச் செய்வதை வாய்மைக்கு மாறானது என்று கண்டித்தது. அந்நூல் பேசுவது கட்டடங்களைப் பற்றியே. எனினும் அந்த அளவுகோலைத் தோட்டத்திற்கு நீட்டினால் புல்ஹமைட் தப்பாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவையும் மெய்க்கல்லின் பக்கம் சாய்ந்தது. 1911இல் விஸ்லி தோட்டத்தின் பாறைச்சரிவை அமைத்த புல்ஹாம் நிறுவனமே அங்கு இயற்கை மணற்பாறையைக் கையாண்டது.

மெய்க்கல்லின் விலை

1907இல் வெளிவந்த ரெஜினால்ட் ஃபாரரின் ‘என் பாறைத் தோட்டம்’ போன்ற நூல்களால் பாறைத் தோட்டம் நடுத்தர மக்களிடமும் பரவியது. நீர் அரித்து வளைவும் துளையும் கொண்ட சுண்ணாம்புக் கல் பெரிதும் விரும்பப்பட்டது. அக்கல் கிடைத்த இடம் வட இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறைத் தளங்கள். பனியாறுகள் துடைத்துச்சென்ற பாறைப்பரப்பை மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகள் கரைத்து, பாளங்களும் ஆழ்ந்த பிளவுகளுமாக ஆக்கிய நிலம் அது. அப்பிளவுகளின் நிழலில் அரிய பெரணிகள் வாழ்கின்றன. தோட்டத்திற்கென மேற்பாளங்கள் பெயர்க்கப்பட்டபோது, பெரணிகளின் இயற்கை வாழிடமே அழிந்தது. பிரிட்டன் 1981ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தில் 34ஆம் பிரிவின்வழி இத்தளங்களுக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்க வேண்டியதாயிற்று.

இதனால் செயற்கைப் பாறை இயற்கைக்குத் தீங்கே செய்யாதது என முடிவுகட்டுவதும் பொருந்தாது. சிமென்டும் சுண்ணாம்புக் கல்லை வெட்டிச் சுட்டே பெறப்படுகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. புல்ஹாம் கொத்தர்கள் மலையிலிருந்து எடுத்துவந்தது பாறையின் வடிவம். மலை மலையாகவே நின்றது. மெய்க்கல்லை விரும்பியோர் மலையின் மேனியையே பெயர்த்தனர்.

போலி மரபாதல்

இரண்டாம் உலகப் போரை ஒட்டி நிறுவனம் மறைந்தது. வேல்ஸ் நாட்டின் டியூஸ்டோவில் அமைந்த நிலத்தடிக் குகைகளும் பெரணியகங்களும் மண்ணால் மூடப்பட்டு, 2000க்குப் பின்னரே தோண்டி மீட்கப்பட்டன. புல்ஹமைட் அமைப்புகள் பல இன்று பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னங்கள். அவற்றைப் பழுதுபார்ப்பதற்கென ‘இங்கிலிஷ் ஹெரிடேஜ்’ 2008இல் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. மூலக் கலவையையும் நிறத்தையும் ஆராய்ந்து, புதிய பூச்சைப் பழையதோடு ஒத்திசைவிப்பதே இப்பணியின் அடிப்படை. விரிசல் கண்ட இடத்தில் மெய்ப்பாறையை வைத்து அடைத்தால், அதுவே இங்குப் போலியாகும்.

முடிவுரை

புல்ஹமைட்டின் வரலாறு மெய், போலி என்னும் பாகுபாட்டின் எல்லையைக் காட்டுகிறது. எதனால் ஆனது என்று மட்டும் கேட்ட அளவுகோல், எங்கிருந்து பெயர்த்தது என்று கேட்கத் தவறியது. ஓர் அமைப்பின் வாய்மையை அதன் பொருளால் மட்டுமன்றி, அது இயற்கையை எவ்வளவு கூர்ந்து கற்றது, இயற்கையிடமிருந்து எதைப் பறித்தது என்பவற்றாலும் அளத்தல் வேண்டும். அவ்வாறு அளக்கும்போது புல்ஹாம் கொத்தர்களின் பாறை, பொய் என்று ஒதுக்கத்தக்கதன்று. பாறையைப் படித்தறிந்தோர் சிமென்டில் எழுதிவைத்த உரை எனக் கொள்ளத்தக்கது.