மிதிவண்டி யாத்திரையிற் கண்ட பலகைகள்

இவ்வாண்டு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு சங்கச் செயலாளர் பணித்தபொழுது யாம் சற்றே திகைத்தோம். சரித்திரம் எழுதுவோர் பல்கலைக் கழகங்களில் இருக்கின்றனர். யாமோ மெட்ரிகுலேஷன் தேறியபின் இரயில்வே பார்சல் அலுவலகத்தில் ரசீதுகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா. எம்மிடம் உள்ளவை ஒரு பழைய மிதிவண்டியும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், தெருவில் எது எழுதியிருப்பினும் நின்று படித்துவிடும் ஒரு கெட்ட பழக்கமுமே. அப்பழக்கம் எமக்கு வந்த வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

டில்லிக்கு வந்த முதற் குளிர்காலம். நாகப்பட்டினத்துக் கடற்காற்றன்றி வேறு குளிர் அறியாத எம் குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டது. துணைவியார் ஈரத் துணியை நெற்றியிலிட்டுக்கொண்டே இருந்தார். யாம் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு மருந்துக் கடை தேடிப் புறப்பட்டோம். குடியிருப்புக்கு அடுத்த சந்தில் ஒரு கடை திறந்திருந்தது, விளக்கும் எரிந்தது, தலைக்குமேல் பெரிய பலகையும் இருந்தது. அதை இருமுறை கடந்து சென்றோம். பலகையில் இருந்தவை நாகரி எழுத்துகள். எமக்கோ தமிழும் ஆங்கிலமும் தவிர வேறெழுத்துத் தெரியாது. பால் கொண்டுசென்ற ஒருவர் எம் கையைப் பற்றி அழைத்துச் சென்று அக்கடையின் முன் நிறுத்தினார். "பலகைதான் இருக்கிறதே, படிக்கத் தெரியாதா பாபு?" என்று கடைக்காரப் பெரியவர் வினவினார். படித்தவன்தான் என்று சொல்லவும் எமக்கு இந்தி வரவில்லை.

குழந்தை நலமடைந்தது. மறுவாரமே ஓர் அரிச்சுவடி வாங்கினோம். அதன்பின் தெருப்பலகைகளே எமக்குப் பள்ளிக்கூடமாயின. மிதிவண்டி இதற்கு மிக ஏற்ற வாகனம். பேருந்தில் செல்வோன் பாதி எழுத்தைப் படிக்குமுன் பலகை ஓடிவிடும். நடப்பவனுக்கோ ஒரு நாளில் இரண்டு தெருவுக்குமேல் ஆகாது.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் நகைப்புக்குக் குறைவில்லை. நம்மூர்ச் சிற்றுண்டி கிடைக்கும் கடைகள் பலவற்றில் ஆங்கில எழுத்தில் 'மசாலா தோஷா' என்று எழுதியிருப்பதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். ஜாதகத்தில் உள்ள தோஷம் போதாதென்று காசு கொடுத்து வேறு வாங்குவதா என்று எம் மாமனார் முதன்முறை வந்தபோது கேட்டார். மதுக்கடையின் பலகை 'ஆங்கிலேய மது' என்கிறது. உள்ளிருக்கும் புட்டியோ பக்கத்து மாநிலத்தில் வடித்தது. ஆங்கிலேயர் 1947-இல் சென்றுவிட்டனர். அவர் பெயர் மட்டும் மதுக்கடையை விட்டுப் போகவில்லை. குளிரூட்டிய பீர் என்று எழுத எண்ணி, எழுத்துப் பிழையால் 'குழந்தை பீர்' என்று ஆங்கிலத்தில் தீட்டிய பலகையையும் ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் கண்டோம். சுவரோரம் சிறுநீர் கழிப்போரைத் தடுக்க, 'பாருங்கள், கழுதை ஒன்று சிறுநீர் கழிக்கிறது' என்று எழுதிவைப்பது இவ்வட்டாரத்தார் கண்ட உபாயம். எழுதப் படிக்கத் தெரிந்த கழுதைகளுக்கு மட்டுமே இது பயன்படும் என்பது எம் அனுபவம்.

லாரிகளின் பின்புறம் தனி இலக்கியம். 'ஹாரன் ஓகே பிளீஸ்' என்பதை இந்தியாவெங்கும் காணலாம். நடுவில் நிற்கும் 'ஓகே' எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வர். இவ்வாசகம் வீணாக ஒலியெழுப்பத் தூண்டுகிறதென்று 2015-இல் மகாராஷ்டிர அரசு இதற்குத் தடை விதித்தது. மணி மட்டுமே உடைய எம்மைப் போன்றோர்க்கு அது நல்ல செய்தியே.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். மதுரா சாலையில் 1959-இல் திறக்கப்பட்ட மிருகக்காட்சி சாலைக்குள் செங்கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டு கட்டிய தூண் ஒன்று நிற்கிறது. கீழே எண்கோணம், மேலே உருண்டை, உயரம் 30 அடி அளவு. குரங்கும் கரடியும் காண வந்தோர் இதை ஏறிட்டும் பாரார். இதுவே கோஸ் மினார், அதாவது அக்காலத்து மைல்கல். 1575-இல் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் செல்லும் வழியில் கோஸுக்கு ஒரு தூண் எழுப்ப அக்பர் ஆணையிட்டதாக அபுல் ஃபசல் எழுதுகிறார். 1619-இல் ஆக்ரா - லாகூர்ப் பாதைக்கு ஜஹாங்கீர் அவ்வாறே ஆணையிட்டார். ஒரு கோஸ் என்பது ஏறத்தாழ 3 கிலோமீட்டர். இச்சொல் வடமொழியின் 'குரோசம்' என்பதன் திரிபு, குரோசமாவது கூவுதல். நம் பாட்டிமார் வழங்கிய 'கூப்பிடு தூரம்' என்னும் அளவும் இதுவே அன்றோ!

இத்தூணில் எம் உள்ளங்கவர்ந்தது யாதெனின், இதில் ஓரெழுத்தும் இல்லை. தொலைவிலிருந்தே தெரியும், ஒன்றைக் கண்டபின் அடுத்ததை நோக்கி நடந்தால் வழி தவறாது. படித்தவனுக்கும் படியாதவனுக்கும், தமிழனுக்கும் பஞ்சாபிக்கும் ஒரே பலகை. இன்றும் தேசிய நெடுஞ்சாலைக் கற்களின் தலையில் மஞ்சளும், மாநிலச் சாலைக் கற்களில் பச்சையும் பூசுவதை அதன் வழித்தோன்றல் எனலாம்.

இதற்கு நேர்மாறானது பிரோஸ் ஷா கோட்டையின்மேல் நிற்கும் அசோகர் தூண். டில்லி தர்வாசாவுக்கு வெளியே, கிரிக்கெட் மைதானத்தை அடுத்து இருப்பது. ஏறத்தாழ 13 மீட்டர் நீளமும் 27 டன் நிறையும் உடைய ஒரே கல். டில்லியிலிருந்து 90 கோஸ் தொலைவில், இன்றைய ஹரியானாவில் உள்ள தோப்ரா என்னும் ஊரில் நின்ற இதனைச் சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் (1351-88) கொண்டுவந்தார். கொண்டுவந்த விதத்தை, அப்பொழுது பன்னிரண்டு வயதுச் சிறுவராக இருந்த ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் என்பார் பின்னாளில் எழுதிவைத்தார். தூணைச் சுற்றி இலவம்பஞ்சைக் குவித்து அதன்மேல் மெல்லச் சாய்த்தனர். நாணலும் தோலும் கொண்டு பொதிந்தனர். 42 சக்கரமுள்ள வண்டியில் ஏற்றினர். சக்கரம் ஒவ்வொன்றிலும் கயிறு கட்டி, கயிறு ஒன்றுக்கு 200 பேராக இழுத்து, யமுனைக் கரை சேர்த்து, படகுகளில் ஏற்றினர். கணக்கிட்டால் 8,400 ஆட்கள்! கண்ணாடிச் சாமான் பெட்டிமேல் 'ஜாக்கிரதை' என்று எழுதியிருந்தும் கவிழ்த்து வைக்கும் உலகில் வாழும் பார்சல் குமாஸ்தாவாகிய யாம், பஞ்சு மெத்தையைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து கும்பிட்டோம்.

சரக்கு பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆனால் அதில் எழுதியிருப்பது யாதென்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. சுல்தான் அந்தணர் பலரை அழைத்துக் கேட்டார்; எவராலும் படிக்க இயலவில்லை. அவருள் சிலர் மட்டும், 'பிற்காலத்தில் பிரோஸ் என்றொரு சுல்தான் தோன்றும்வரை இத்தூணை எவராலும் அசைக்க முடியாது' என்று அதில் எழுதியிருப்பதாகக் கூறினராம். அஃபீஃப் இதை எழுதிவைத்துள்ளார். பலகை படிக்கத் தெரியாமல் நின்ற எமக்கு இக்கதை எத்துணை ஆறுதல் அளித்தது தெரியுமா! எம் முன் கடைக்காரர் நகைத்தார். சுல்தான் முன் நகைக்க ஒருவருக்கும் துணிவில்லை. வேற்றுமை அவ்வளவே.

அவ்வெழுத்தைப் படித்தவர் ஜேம்ஸ் பிரின்செப். இவரும் பேராசிரியர் அல்லர். கல்கத்தா நாணயச் சாலையில் உலோக மாற்றுப் பார்க்கும் உத்தியோகஸ்தர். அலுவல் நேரம் போக மிஞ்சிய பொழுதில் நாணயங்களையும் கல்வெட்டுப் படிகளையும் ஒப்பிட்டு 1837-இல் பிராமி எழுத்தின் பூட்டைத் திறந்தார். தூணிற் கண்ட 'பியதசி' என்னும் அரசர் அசோகரே என்பதை, இலங்கையில் உத்தியோகம் பார்த்த ஜார்ஜ் டர்னர் பாலி நூல்களின் துணைகொண்டு காட்டினார். ஓயாத உழைப்பால் உடல் நலிந்த பிரின்செப் 1840-இல், நாற்பது வயதில் மறைந்தார். எம் வயதுக்குக் குறைந்த வயது.

படித்துப் பார்த்தால் சுல்தானைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விலங்குக்கும் மனிதர்க்கும் நிழல் தர வழியெல்லாம் ஆலமரம் வைத்ததையும், மாந்தோப்பு அமைத்ததையும், கிணறு தோண்டியதையும், தண்ணீர்ப் பந்தல் வைத்ததையும் அரசர் சொல்கிறார். மரமும் கிணறும் போயின, பலகை நிற்கிறது. நம் பாண்டி நாட்டுக் குகைகளிலும் இவ்வெழுத்துக்கு உறவான எழுத்து உண்டு. அதிலுள்ளது தமிழே என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். அதுவரை அக்குகைகளும் ஊராருக்குப் படியாப் பலகைகளே.

தெருப்பெயர்களைப் பற்றி ஒன்றிரண்டு. புத்தகக் கடைகள் நிறைந்த 'நயீ சடக்', அதாவது புதுத் தெரு, 1857-க்குப் பின் போட்டது. 150 ஆண்டு கடந்தும் அது புதுத் தெருவே. கன்னாட் பிளேஸ் 1995-இல் ராஜீவ் சௌக் ஆனது. ஆட்டோக்காரரிடம் இன்றும் பழைய பெயரைச் சொன்னால்தான் வண்டி நகரும். ஔரங்கசீப் சாலை 2015-இல் டாக்டர் அப்துல் கலாம் சாலை ஆயிற்று. கான் மார்க்கெட் அருகே சுப்பிரமணிய பாரதி மார்க் இருக்கிறது. நாகரி, ஆங்கிலம், குருமுகி, உருது என நான்கு எழுத்தில் பெயரெழுதுவது இந்நகரின் வழக்கம். பாரதியாரின் பெயரைத் தமிழில் மட்டும் காணோம். காசியில் இந்தி பயின்ற அப்பெருமகனார் இதற்குச் சினந்திருக்கமாட்டார் என்று எம்மை யாமே தேற்றிக்கொள்வதுண்டு.

இறுதியாக எம் துறையின் மஞ்சட் பலகை. நிலையத்தின் பெயருக்குக் கீழே, சராசரிக் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பதைக் காணாத பிரயாணி இல்லை. அருகில் கடலே இல்லாத டில்லியில் இது யாருக்கு என்று யாமும் நகைத்ததுண்டு. பாதை போடும் பொறியாளர்க்கு ஏற்ற இறக்கம் கணக்கிட இது வேண்டும் என்று பின்னர் அறிந்தோம். அக்கடல் எந்தக் கடல் என்று ஆராய்ந்தபோதுதான் உடல் சிலிர்த்தது. 1909-இல் முடிந்த முதல் மட்ட அளவைக்கு ஒன்பது துறைமுகங்களின் அலையேற்றத்தை அடிப்படையாகக் கொண்டனர். அவற்றுள் சென்னையும் நாகப்பட்டினமும் அடங்கும். எம் தந்தையார் எம்மைத் தோளிலேற்றிக் காட்டிய கடல், இங்கே மஞ்சட் பலகையில் ஓர் எண்ணாக நிற்கிறது.

அவ்வெண் வெறும் வேடிக்கையன்று என்பதை யமுனை உணர்த்தியது. 1860-களில் கட்டிய பழைய இரும்புப் பாலத்தில் மேலே இரயிலும் கீழே சாலையும் செல்லும். மிதிவண்டியில் அதன் வயிற்றுக்குள் போகையில் தலைக்குமேல் வண்டி ஓடினால் எலும்பெல்லாம் அதிரும். அங்கே ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து சொல்வர். 205.33 மீட்டர் அபாய அளவு. இதுவும் கடல் மட்டத்திலிருந்தே. 1978 வெள்ளத்தில் 207.49 வரை ஏறியது. 2023 ஜூலை 13-ஆம் நாள் அதையும் கடந்து 208.66-ஐத் தொட்டது. பாலத்தின்மேல் இரயில்கள் நின்றன. சாலை அடைக்கப்பட்டது.

அவ்வாரத்து ஓய்வு நாளில் யாம் மயூர் விகார்ப் பக்கம் மிதிவண்டியில் சென்றோம். ஆற்றுப் படுகையில் காய்கறி பயிரிடுவோர் கட்டிலும் மாடும் பாத்திரமுமாகச் சாலையோரத்தில் கூடாரம் அடித்திருந்தனர். முதியவர் ஒருவர் எம் கூடையில் இருந்த செய்தித்தாளைக் கண்டார்.

"தண்ணீர் எவ்வளவு என்று போட்டிருக்கிறது, பாபுஜி? எனக்கு எழுத்துத் தெரியாது."

இந்தித் தாள்தான். எழுத்துக் கூட்டாமலே படித்துச் சொன்னோம்.

"இருநூற்றெட்டு என்றால் எங்கிருந்து?"

"கடலிலிருந்து, ஐயா."

அவர் சற்று நேரம் ஆறிருந்த திசையைப் பார்த்தார். பழுப்பு நீருக்கு மேலே மின்கம்பங்களின் தலை மட்டும் தெரிந்தது.

"என் வயலுக்கு என்ன எண் போட்டிருக்கிறது?" என்று கேட்டார்.

செய்தித்தாளைப் புரட்டினோம். அங்கே பாலத்தின் எண் மட்டுமே இருந்தது.