அஞ்சு டெஸ்ட் கேஸ் பாஸ், ஆறாவது ஃபெயில்

இந்த எபிசோடோட ஹீரோ ஒரு எண்: 4,29,49,67,297. 32 பிட்ல அடங்குற மிகப் பெரிய எண்ணைவிட இது வெறும் 2 அதிகம்.

1640-ல், பிரான்ஸின் துலூஸ் நகர நீதிமன்றத்துல வேலை பார்த்த பியர் டி ஃபெர்மா ஒரு வரிசையைக் கவனிச்சார். 2-ல ஆரம்பிச்சு வர்க்கம் எடுத்துக்கிட்டே போங்க: 2, 4, 16, 256, 65,536. ஒவ்வொண்ணோடயும் 1 கூட்டுங்க: 3, 5, 17, 257, 65,537. அஞ்சுமே பகா எண்கள். இனி வர்றது எல்லாமே பகா எண்தான்னு ஃபெர்மா நம்பினார். ஆனா நிரூபணம் கையில இல்லைன்னும் ஒத்துக்கிட்டார்.

ஆறாவதா வர்றதுதான் நம்ம ஹீரோ. 92 வருஷம் கழிச்சு, 1732-ல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருந்த 25 வயசு லியோன்ஹார்ட் ஆய்லர் அதை உடைச்சார்: 641 × 67,00,417. இதை வகுக்கிற பகா எண் எதுவா இருந்தாலும், 64-இன் மடங்கோட 1 கூட்டினதாத்தான் இருக்கணும்னு பின்னாடி அவரே காட்டினார். அப்படிப் பார்த்தா 193, 257, 449, 577, அடுத்தது 641. அஞ்சே வகுத்தல்!

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, அஞ்சு டெஸ்ட் கேஸ் பாஸ் ஆனதை நம்பி ரிலீஸ் பண்ணிட்டு, ராத்திரி முழுக்க உக்காந்து ரோல்பேக் பண்ணவன் நான். ஃபெர்மாவாவது "நிரூபணம் இல்லை"ன்னு சொன்னார். நான் அதைக்கூடச் சொல்லல.

அந்த வரிசையில ஆறாவது பகா எண் இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல.