நோய்க்கு முந்திய ரத்தம்

புற்றுநோய் என்று தெரிந்தபின் ஒருவரின் ரத்தத்தைச் சோதித்தால், அதில் தெரியும் மாற்றம் நோய்க்குக் காரணமா, நோயால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். நோய் வருமுன் எடுத்த ரத்தம் வேண்டும். அதற்கு, நலமாக இருப்பவர்களிடம் இன்றே வாங்கி உறையவைத்துவிட்டு, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கத் துணிந்துதான் 1973-இல் நார்வேயில் ஜேனஸ் சீரம் வங்கியைத் தொடங்கினார்கள். மாவட்ட உடல்நலப் பரிசோதனைகளுக்கு வந்தவர்களும் ரத்த தானம் செய்தவர்களுமாக, 2004-க்குள் 3 லட்சத்துக்கும் அதிகமானோரின் சீரம், அதாவது ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீர்ப்பகுதி, சேர்ந்தது. அங்கே எல்லோருக்கும் தனி அடையாள எண் உண்டு. தேசியப் புற்றுநோய்ப் பதிவேடும் ஏற்கெனவே இருந்தது. அதனால் யாருக்குப் பின்னாளில் நோய் வந்தது என்று தேடி எடுப்பது எளிதானது.

சீரத்தை வைத்தது மைனஸ் 25 டிகிரியில். உப்புநீர் முழுதாக உறைய மைனஸ் 21 ஆக வேண்டும். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18-இல் பனிக்கட்டிகளுக்கு இடையே செறிந்த உப்புத் திரவம் மிஞ்சும். அதற்குள் நொதிகள் மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும். மைனஸ் 25 அந்த எல்லையைத் தாண்டியதுதான். ஆனால் சீரம் வெறும் உப்புநீர் அல்ல, புரதம் நிறைந்தது. அதில் வேதிமாற்றம் அடியோடு நின்றுவிடாது. இன்று புதிய மாதிரிகளைப் பெரும்பாலும் மைனஸ் 80-இல் வைப்பது அதனால்தான்.

எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் கெடுவதுமில்லை. எதிர்ப்புரதங்கள் பல பத்தாண்டுகள் தாங்கும். வைட்டமின் டி-யும் உறுதியானது. வைட்டமின் சி-யோ, அமிலம் சேர்த்துக் காப்பாற்றாவிட்டால் சீக்கிரமே அழிந்துவிடும். பிலிருபினுக்கு வெளிச்சமே பகை. வங்கியின் தொடக்க காலத்தில் ஒரு பகுதிக் குழாய்களில் சோடியம் அயோடோஅசிட்டேட் என்ற காப்புப்பொருள் இருந்தது. அது புரதங்களின் கந்தக முனைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். கிரியேட்டின் கைனேஸ் போன்ற நொதி அந்தக் குழாயில் குறைவாகத் தெரிந்தால், பழியைக் குளிரின்மேல் போட முடியாது.

இத்தனை சிக்கலுக்கும் மருந்தாக அமைந்தது ஆய்வு நடத்தும் முறை. நோயாளி ஒருவரின் சீரத்தை எடுக்கும்போது, ஏறக்குறைய அதே காலத்தில் அதே வகைக் குழாயில் உறைந்த, நோய் வராத இன்னொருவரின் சீரத்தையும் பக்கத்தில் வைப்பார்கள். இரண்டும் ஒரே அளவு கெட்டிருந்தால் ஒப்பீடு கெடாது. ஆனால் அந்தப் பொருளே முழுக்க அழிந்திருந்தால் இதுவும் உதவாது. ஜேனஸின் பெரிய சாதனையாக நான் நினைப்பது ஃப்ரீசரைவிட இந்த ஒழுங்கைத்தான்.

2001-இல் ஜேனஸும் மற்ற நார்டிக் சீரம் வங்கிகளும் சேர்ந்து நடத்திய ஆய்வில், ஹெச்.பி.வி. 16 வைரஸுக்கு எதிரான புரதம் சீரத்தில் இருந்தவர்களுக்குத் தொண்டைப் புற்றுநோய் அபாயம் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அந்தச் சீரம் நோய் தெரிவதற்குச் சராசரியாக 9 ஆண்டுகள் முன்பே எடுக்கப்பட்டது. வங்கி தொடங்கியபோது யாருக்கும் தெரியாத பொருளையும் அந்தச் சீரத்தில் தேட முடிந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற சிறு மூலக்கூறு 1993-இல்தான் கண்டறியப்பட்டது. வங்கியில் 40 ஆண்டுகள் வரை கிடந்த சீரத்திலிருந்து இப்போது அதையும் படித்துவிட்டார்கள்.